வாலுக்கு மட்டும் சான்றிதழ்

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் சராசரி. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்கூட இல்லை. "சராசரி சார் வந்தாச்சா?" என்று வாசல் காவலாளி நேராகவே கேட்பான். அவருக்கு அதில் ஒரு பூரிப்பு. தன்னுடைய அறிவியல் பற்றைப் பார்த்து உலகம் சூட்டிய பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றி இப்படி ஒரு நினைப்பு அமைந்துவிட்டால் போதும், மனுஷன் அதை வைத்தே ஆயுசை ஓட்டிவிடலாம்.

நீர், மண் பரிசோதனைக்கூடத்தில் அவர் தலைமைப் பகுப்பாய்வாளர். ஊரை ஒட்டிய ஏரியின் அடிச்சேற்றையும், அதில் பிடிபடும் கொடுக்கு இறாலையும் அமிலத்தில் கரைத்து, ஈயம் எவ்வளவு, காட்மியம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வது வேலை. கொடுக்கு இறால் என்பது கடல் சிங்கி இறாலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. உள்ளங்கை நீளம் இருக்கும், முன்னால் இரண்டு கொடுக்கு, சேற்றில் வளை தோண்டிக் குடியிருக்கும். செத்தது, அழுகியது எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பிராணி. அதனால் சேற்றில் என்ன இருக்கிறதோ அது கொஞ்சம் கொஞ்சமாக இறாலுக்குள் போய்ச் சேர்ந்து, வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும்.

ஏரியின் ஒரு மூலையில் பழைய பேட்டரி உடைக்கிற பட்டறையின் சாக்கடை வந்து விழுகிறது. அங்கே சேறு கறுப்பு. கையில் எடுத்தால் கனக்கும். சராசரி என்ன செய்வார் தெரியுமா? அந்தக் கறுப்புச் சேற்றில் ஒரு கரண்டி எடுப்பார். பிறகு படகை ஏரி முழுக்கச் சுற்றவிட்டு, நல்ல பழுப்புச் சேறாகப் பார்த்து வாளி நிறையும் வரை எடுப்பார். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கிண்டுவார். மரக்கரண்டியால் கிண்டுவார், உலோகம் பட்டால் சோதனை கெட்டுவிடுமாம், அவ்வளவு சுத்தம். அந்தக் கலவையில் ஒரு சிட்டிகை எடுத்துச் சோதித்தால் ஈயம் வரம்புக்குள்தான் இருக்கும். இருக்காதா பின்னே?

"சார், அந்த மூலையை மட்டும் தனியாப் பார்க்கலாமே?" என்று உதவியாளர் பெண் ஒருமுறை கேட்டாள்.

"ஏரின்னா முழு ஏரிம்மா. ஒரு மூலையை வெச்சு ஏரியைக் குத்தம் சொல்லக்கூடாது" என்றார், ஏதோ ஏரிக்கு வக்கீல் வேலை பார்ப்பவர் மாதிரி.

ஒரு இறால் காலையில் கறுப்புச் சேற்றில் ஒரு வாய், மத்தியானம் அக்கரையில் ஒரு வாய் என்று ஏரியைச் சுற்றி நடைப்பயிற்சி போகுமானால் இவர் சொல்வது நியாயம். அது பாவம், தோண்டின வளையை விட்டு நாலடி நகராது. பட்டறைச் சாக்கடையின் வாயில்தான் தீனி அதிகம், அங்கேதான் இறாலும் கொழுத்துக் கிடக்கும், பிடிப்பவர்களும் அங்கேதான் கூடை போடுவார்கள். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

வீட்டிலும் இதே கூத்துதான். மனைவி தையல்காரி. ஒருநாள் தைத்து முடிக்க வேண்டிய அவசரத்தில் கீரையில் உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டாள், மீனில் போடவே மறந்துவிட்டாள். சராசரி இரண்டையும் ருசி பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் இரண்டையும் ஒரே சட்டியில் கொட்டிக் கிண்டினார்.

"இப்பப் பாரு, உப்பு சரியா இருக்கு."

"உப்பு சரியா இருக்குங்க. மத்த கண்றாவியை யாரு திங்கிறது?" என்றாள் அவள். அன்றைக்குச் சட்டி குப்பைக்குப் போனது. அவர் மட்டும் கொள்கைக்காக ஒரு தட்டு சாப்பிட்டார்.

இந்த மனிதரை உலகத்தில் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரே ஜீவன் அவருடைய தங்கை. சின்ன வயதில் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைக் கொடுத்தாலும் முதல் வாய் அண்ணன் சாப்பிட வேண்டும். அண்ணன் மென்று விழுங்கி "நல்லாருக்கு" என்று சொன்ன பிறகுதான் தட்டைத் தொடுவாள். கசப்பு மருந்துக்கும் அதே கதைதான். அண்ணன் ஒரு மடக்குக் குடித்து முகத்தைச் சுளிக்காமல் நிற்க வேண்டும், அப்போதுதான் வாயைத் திறப்பாள். காய்ச்சலே இல்லாமல் அவர் எத்தனை மருந்து குடித்தாரோ. அந்த ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வயதில் அவர் நல்ல பையன்தான், கெட்டது பிற்பாடு.

அவளுக்கு வாய்த்த கணவன் ஏரிக்கரையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தான். பெஞ்சு போட்ட சின்னக் கடை. அகலமான சட்டியில் கொதிக்கக் கொதிக்க அவித்த கொடுக்கு இறால்தான் அங்கே பிரதானம். பட்டறைச் சாக்கடையைப் பற்றி ஊரில் பேச்சு எழுந்தபோது கடையில் கூட்டம் குறைந்தது. அப்போது சராசரி மார்பை நிமிர்த்திக்கொண்டு களத்தில் இறங்கினார். இறாலைச் சோதித்தார். 'இந்த ஏரியின் கொடுக்கு இறாலில் உண்ணும் பகுதியில் கன உலோகங்கள் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளன' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மாப்பிள்ளை அதைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினான். கூட்டம் திரும்பி வந்தது.

உண்ணும் பகுதி. இந்த இரண்டு சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சோதனை முறைப் புத்தகம் 'உண்ணும் பகுதியை எடுத்துக்கொள்க' என்கிறது. எங்கேயோ உட்கார்ந்து அதை எழுதினவர்கள் வாலை மட்டும் தின்கிறவர்கள் போலிருக்கிறது, அதனால் அடைப்புக்குறிக்குள் 'வால் சதை' என்று போட்டுவிட்டார்கள். பரிசோதனைக்கூடத்தில் இறாலை முதலில் நல்ல தண்ணீரில் இரண்டு நாள் பட்டினி போடுவார்கள், குடல் காலியாக வேண்டுமாம். பிறகு உதவியாளர் பெண் தலையைத் திருகி எறிந்துவிட்டு, வாலை உரித்து, வெள்ளைச் சதையை மட்டும் அமிலத்தில் போடுவாள். தலைகள் மேசைக்கடியில் இருக்கிற குப்பைக்கூடைக்குப் போகும்.

ஊர் எப்படிச் சாப்பிடுகிறது? தலையைத்தான் முதலில் கையில் எடுக்கும். ஓட்டைப் பிளந்து, உள்ளே இருக்கிற மஞ்சள் கொழுப்பை 'சர்ர்' என்று உறிஞ்சும். அந்தச் சத்தம் கேட்காத மேசை அந்தக் கடையில் கிடையாது. கொழுப்பு என்று சொல்வது பேச்சுக்குத்தான். உண்மையில் அது இறாலின் ஈரல். தின்ற அழுக்கையெல்லாம் உடம்பு கொண்டுபோய்க் கொட்டி வைக்கிற இடம். ஊர் எதைத் தின்கிறது என்று கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று எந்தப் புத்தகமும் அவருக்குச் சொல்லவில்லை, வாஸ்தவம். ஆனால் போய்ப் பார்க்கிறவர்தான் அவர். வாராவாரம், மனைவியோடு, மதியச் சாப்பாட்டுக்கு.

அங்கே இன்னொரு காட்சி நடக்கும். சராசரிக்குத் தலை பிடிக்காது. மஞ்சளாக வழவழவென்று இருப்பதைப் பார்த்தாலே குமட்டும். அதனால் தன் தட்டில் வருகிற தலைகளையெல்லாம் பிய்த்து, ஒவ்வொன்றாகத் தங்கையின் தட்டில் வைப்பார். அவளுக்குத் தலை என்றால் உயிர். பக்கத்து பெஞ்சில் இருப்பவர்கள் பார்த்து உருகிப்போவார்கள். "அண்ணன்னா இப்படி இருக்கணும். ருசியான பாகத்தைத் தான் தின்னாம தங்கச்சிக்குக் கொடுக்கிறார் பாரு!" சராசரி அதைக் கேட்டு அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வார். மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"என் தட்டுல இதுவரைக்கும் ஒரு துண்டு கறி எடுத்து வெச்சிருக்கீங்களா?" என்று மனைவி இடிப்பாள். அவள் சேற்றில் கிடப்பதைத் தொடாதவள், ரொட்டியை வைத்துச் சமாளிப்பாள். ஆனாலும் கேட்கிற உரிமையை விட்டுக்கொடுப்பாளா?

இது வரைக்கும் அசட்டுத்தனம் என்று விட்டுவிடலாம். இனிமேல் நடந்ததை அப்படி விட முடியாது.

ஒருநாள் பரிசோதனைக்கூடத்தில் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. அமிலம் மிச்சம் இருந்தது, கருவியும் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு என்ன தோன்றியதோ, குப்பைக்கூடையிலிருந்து ஒரு தலையை எடுத்து, மஞ்சளை வழித்து, கரைத்து, கருவியில் கொடுத்தார். திரையில் எண் வந்தது. வாலில் வருகிற எண்ணுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வரம்பு எங்கேயோ கீழே கிடந்தது. குடுவையில் அழுக்கு இருந்திருக்கும் என்று கழுவினார். வேறொரு தலையை எடுத்தார். எண் இன்னும் ஏறி வந்தது. கருவியைக் கழுவினார். வாலைக் கொடுத்துப் பார்த்தார், கருவி ஒழுங்காக வேலை செய்தது. திரும்பவும் தலை. திரும்பவும் அதே கதை.

உதவியாளர் பெண் எட்டிப் பார்த்தாள். "என்ன சார் இது, இவ்வளவு காட்டுது?"

"தப்பான அளவும்மா. கணக்குல சேர்த்தா சராசரியைக் கெடுத்துடும்" என்று சொல்லித் திரையை அழித்தார்.

அழித்துவிட்டால் ஈயம் போய்விடுமா? அவர் மூளை அப்படித்தான் வேலை செய்தது. வீட்டுக்கு நடக்கும்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். ஒரு இறாலில் தலைக்கொழுப்பு எவ்வளவு, ஒரு சிட்டிகை இருக்குமா? முழு உடம்போடு சேர்த்துப் பார்த்தால்? ஓட்டையும் சேர்த்தால்? வாரத்துக்கு ஒருமுறைதானே? தண்ணீர், ரொட்டி, காய்கறி என்று வாரம் முழுக்கச் சாப்பிடுகிற எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்த்தால்? வாசற்படி ஏறுவதற்குள் ஈயத்தை வரம்புக்குள் கொண்டுவந்து விட்டார். கில்லாடி.

அந்த வாரமும் கடைக்குப் போனார். தட்டு வந்தது. தலையைப் பிய்த்தார். கை ஒரு கணம் நின்றது. வைக்காமல் விட்டால் தங்கை ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் கல்லாவுக்கு மேலே தொங்குகிற கையெழுத்தின் கதி? மாப்பிள்ளையின் கடை? அலுவலகம்? இதையெல்லாம் தாண்டி, "அண்ணன் தப்பு பண்ணிட்டேன்" என்று தங்கையிடம் சொல்ல வேண்டும். அதைவிட, தலையைத் தட்டில் வைப்பது சுலபமாக இருந்தது. வைத்தார். கோழை என்பதைத் தவிர இந்த மனிதருக்கு வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

தங்கைக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லை. வைத்தியம் பார்த்து அலுத்து, இனிமேல் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு உண்டானாள். கடையே கொண்டாடியது. மசக்கையில் வேறு எதுவும் பிடிக்கவில்லை, இறால் தலை மட்டும் இறங்கியது. மாப்பிள்ளை நல்ல கொழுத்த தலைகளாகப் பொறுக்கித் தினமும் எடுத்து வைத்தான். வாரத்துக்கு ஒருமுறை என்று போட்ட கணக்கு என்ன ஆயிற்று என்று சராசரி தன்னைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. "தங்கச்சி நல்லா சாப்பிடுறா" என்று மனைவியிடம் சொன்னதோடு சரி.

சில மாதத்தில் அவளுக்கு வயிற்றைப் பிசைந்துகொண்டு வலி வர ஆரம்பித்தது. முகம் வெளிறிப்போனது. கை மரத்துப்போகிறது, வாயில் இரும்பை நக்கின மாதிரி இருக்கிறது என்றாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கடையை விட்டு மாப்பிள்ளையால் வர முடியவில்லை, அதனால் முடிவு கேட்க அண்ணனும் தங்கையும் போனார்கள்.

மருத்துவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ரத்தத்துல ஈயம் ஏறியிருக்கும்மா. உங்களுக்கு இவ்வளவுன்னா குழந்தைக்கும் போயிருக்கும். எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு உடனே நிறுத்தணும். வீடு பழசா? சுவத்துல பெயின்ட் உரியுதா?"

"இல்லைங்க."

"தண்ணிக் குழாய்? மண் பாத்திரம், கண் மை, நாட்டு மருந்து ஏதாவது?"

அவள் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றாள். பக்கத்து நாற்காலியில் சராசரி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பாடு? ஏரி இறால் சாப்பிடுவீங்களா?"

"தினமும்" என்றாள் தங்கை. உடனே முகம் மலர்ந்தது. "ஆனா அது இருக்காது டாக்டர். அதைச் சோதிச்சுக் கையெழுத்துப் போட்டதே எங்க அண்ணன்தான். இதோ, இவங்கதான்."

"அட, நீங்கதானா!" மருத்துவர் எழுந்து கை கொடுத்தார். "கடையில பார்த்திருக்கேன் சார். உங்களை நம்பித்தான் நாங்களே சாப்பிடுறோம்." சராசரி கையை நீட்டினார். அந்தக் கையை என்ன செய்யலாம் என்று எனக்குத் தோன்றுவதை இங்கே எழுத முடியாது. மருத்துவர் உட்கார்ந்து, "அப்ப இறால் மேல சந்தேகம் வேண்டாம். எதுக்கும் வீட்டுச் சுவரைச் சுரண்டி எடுத்துட்டு வாங்க, பார்ப்போம். உடம்புல சத்தே இல்லம்மா உங்களுக்கு, இறாலை நிறுத்திடாதீங்க, இன்னும் ரெண்டு சேர்த்துச் சாப்பிடுங்க" என்றார்.

அப்போதாவது வாயைத் திறந்தாரா? தொண்டையைச் செருமினார். மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணுமில்லை" என்றார் சராசரி.

வெளியே வந்ததும் தங்கை கணவனுக்குப் போன் போட்டாள். "நல்ல தலையா எடுத்து வைங்க. டாக்டரே சொல்லிட்டாரு." பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சுவத்துலயா இருக்கும்? நேத்துகூட சுவத்தை ஒட்டித்தான்ணா படுத்தேன். குழந்தைக்கு ஏதாவது ஆயிருக்குமா?" அவர், "எல்லாம் சரியாயிடும்" என்றார். வழி முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

கடையில் வழக்கமான பெஞ்சு. மாப்பிள்ளை இரண்டு தட்டு கொண்டுவந்து வைத்தான். "மச்சான், நீங்க இருக்கிறப்ப எனக்கு என்ன கவலை? வீட்டுச் சுவரை நாளைக்கே இடிச்சுடுறேன்" என்று சொல்லிவிட்டு அடுப்புக்கு ஓடினான். சராசரியின் கை தன்போக்கில் தலையைப் பிய்த்தது. தன்போக்கில் தங்கையின் தட்டுக்கு மேலே போனது. அங்கே போய் நின்றுவிட்டது.

"தலையைச் சாப்பிடாதம்மா" என்றார்.

"ஏன்?"

"சும்மாதான். சூடு. கொஞ்ச நாளைக்கு வேண்டாம்."

"டாக்டரே சாப்பிடச் சொல்றாரு, நீங்க என்னண்ணா!" அழுத கண்ணோடு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் கையிலிருந்த தலையை வாங்கி, ஓட்டைத் தானே பிளந்து, அவர் தட்டில் வைத்தாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. எதைத் தொட்டாலும் பயமா இருக்கு. சின்ன வயசுல மாதிரி நீங்க முதல் வாய் சாப்பிடுங்க. நீங்க சாப்பிட்டா நான் சாப்பிடுறேன்."

மஞ்சள் அவர் தட்டில் வழிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாய்தான். சராசரி பார்த்தால் ஒன்றுமே இல்லாத ஒரு வாய். அத்தனை வருஷம் போட்ட கணக்கில் ஒன்றாவது உண்மை என்று அவர் நம்பியிருந்தால் அன்றைக்கு அதை எடுத்து விழுங்கியிருப்பார். கை எழவில்லை.

"சாப்பிடுங்கண்ணா."

அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். தங்கை அந்த வாயைப் பார்த்தாள். கசப்பு மருந்தைக்கூட முகம் சுளிக்காமல் குடித்த வாய் அது, அவளுக்குத் தெரியாத வாயா? அவள் சிரிப்பு நின்றது. மெதுவாகத் திரும்பிக் கல்லாவுக்கு மேலே தொங்கிய சட்டத்தைப் பார்த்தாள்.

"நீங்க இறால்ல எதைச் சோதிச்சீங்க?"

"வாலை."

"தலையை?"

"அது... அதைச் சேர்க்கிற வழக்கமில்லை. முறைப்படி..."

"தலையை என்ன பண்ணுனீங்க?"

"குப்பையில போட்டோம்."

"அதுல என்ன இருக்குன்னு தெரியுமா, தெரியாதா?"

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் சராசரி எடுக்க முடியாது. தெரியும், இல்லையென்றால் தெரியாது.

"அங்க குப்பையில போட்டீங்க" என்றாள் தங்கை. "இங்க என் தட்டுல போட்டீங்க."

ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நேரே அடுப்படிக்குப் போனாள். கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "அடுப்பை அணைங்க. யாருக்கும் எதுவும் வைக்காதீங்க" என்று கணவனிடம் சொன்னாள். பிறகு ஒவ்வொரு பெஞ்சாகப் போய், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் முன்னால் இருந்த தட்டுகளைத் தன் கையாலேயே எடுத்தாள். அண்ணன் தட்டை மட்டும் எடுக்கவில்லை.